டாக்சிக்காரர் சொன்ன சில வரிகள்: ஒரு கொரிய நகைச்சுவைப் படமும் தேரிம்-தொங் மக்களின் வழக்கும்

இரண்டு இளைஞர்கள் இரவு நேரத்தில் ஒரு டாக்சியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். சியோல் நகரின் தென்மேற்கில் உள்ள தேரிம்-தொங் என்ற குடியிருப்புப் பகுதிக்குள் வண்டி நுழைகிறது. கடைப் பலகைகளில் கொரிய எழுத்தைவிடச் சீன எழுத்தே மிகுதியாகத் தெரிகிறது. ஓட்டுநர் தாமாகவே பேச்சுக் கொடுக்கிறார். இங்கே சோசொன்ஜோக் (சீனாவிலிருந்து வந்த கொரிய வம்சாவளியினர்) மட்டும்தான் குடியிருக்கிறார்கள், ராத்திரியானால் கத்திக்குத்து சகஜம், பாஸ்போர்ட் இல்லாத குற்றவாளிகள் நிறையப் பேர் இருப்பதால் போலீஸ்கூட உள்ளே வருவதில்லை, முடிந்தவரை தெருவில் நடமாடாதீர்கள் என்று எச்சரிக்கிறார். இளைஞர்கள் இருவரும் போலீஸ் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் மறுத்து எதுவும் சொல்வதில்லை. படத்தில் வேறு யாரும் பின்னால் வந்து அதை மறுப்பதும் இல்லை.

2017 ஆகஸ்ட் 9 அன்று கொரியத் திரையரங்குகளில் வெளியான ‘சொங்ன்யொன் கியொங்சால்’ படத்தில் இந்தக் காட்சி வருகிறது. ‘இளைஞர் போலீஸ்’ என்பது பெயரின் பொருள். வெளிநாடுகளில் ‘மிட்நைட் ரன்னர்ஸ்’ என்ற பெயரில் ஓடியது. நான் இதை முதல் தடவை வசன வரிகளின் உதவியோடு பார்த்தபோது அந்த டாக்சிப் பேச்சு மனத்தில் நிற்கவில்லை. அடுத்த சண்டைக்கு முன்னால் வரும் ஒரு சாதாரணத் தகவலாகவே அது கடந்து போனது. அந்தச் சில வரிகள் கொரியாவில் ஒரு வழக்காக மாறி, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் இருந்தன என்பதைப் பின்னர் அறிந்து மறுபடி பார்த்தபோதுதான், எது என்னைச் சிரிக்க விட்டது, எது என்னைக் கவனிக்க விடவில்லை என்பது பிடிபட்டது. நகைச்சுவைப் படங்களில் சிறுபான்மையினர் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதைப் பேச இதைவிடத் தெளிவான நிகழ்வு கொரியத் திரையில் இல்லை என்று நினைக்கிறேன்.

படம்

கதை எளிமையானது. கி-ஜுன் (நடிகர் பார்க் சொ-ஜுன்) உடல் பலத்தை நம்புகிறவன்; ஹீ-யொல் (நடிகர் காங் ஹா-நெல்) புத்தகத்தை நம்புகிறவன். விடுப்பு நாளில் காங்னம் பகுதிக்குப் பொழுதுபோக்கச் சென்ற இருவரும், தெருவில் ஒரு இளம்பெண் வேனில் கடத்திச் செல்லப்படுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். காவல் நிலையத்தில் சொன்னால் அங்கே வேறு அவசர வேலை. கடத்தலில் தொடக்க மணி நேரங்களைத் தவறவிட்டால் ஆளை உயிரோடு மீட்பது கடினம் என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வர, இருவரும் தாங்களே தேடக் கிளம்புகிறார்கள். தடயங்கள் அவர்களைத் தேரிம்-தொங்குக்குக் கொண்டு சேர்க்கின்றன. வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுமிகளைக் கடத்தி, அவர்களின் கருமுட்டைகளை எடுத்து விற்கும் ஒரு கும்பல் அங்கே இருக்கிறது. கும்பலில் இருப்பவர்கள் சோசொன்ஜோக்.

இதில் சிரிப்பு வரும் இடங்களெல்லாம் உண்மையிலேயே நன்றாக அமைந்தவை. பயிற்சியில் மூச்சு வாங்குவது, ஒருவனை ஒருவன் சீண்டுவது, பாடத்தில் படித்ததை நடுத்தெருவில் ஒப்பிப்பது என்று நடிகர்கள் இருவருக்கும் இடையே இருக்கும் இணக்கம் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. இயக்குநர் கிம் ஜு-ஹ்வானுக்கு வேகமும் நேரக் கணக்கும் தெரியும். சுமார் 56 லட்சம் பேர் திரையரங்கில் பார்த்தார்கள். 15 வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கலாம் என்ற சான்றிதழ் என்பதால், பள்ளி மாணவர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்த கோடை விடுமுறைப் படம் இது.

இந்த வகைப் படத்துக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. நாயகர்கள் எவ்வளவு விளையாட்டுப் பிள்ளைகளோ, எதிரே நிற்கும் ஆபத்து அவ்வளவு கனமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுடைய துணிச்சலுக்கு மதிப்பில்லை. ஆனால் சிரிப்புக்கே பெரும்பகுதி நேரம் போய்விடுவதால், ஆபத்தை விளக்கிக் கட்டியெழுப்பத் திரைக்கதையில் இடம் மிஞ்சுவதில்லை. எனவே பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒரு பயத்தை எடுத்துக்கொள்வது வசதியாகப் போய்விடுகிறது. டாக்சிக்காரர் அரை நிமிடத்தில் செய்து முடிப்பது இந்த வேலையைத்தான்.

சோசொன்ஜோக் யார்

அந்த மக்களின் வரலாறு தெரியாமல் இந்த வழக்கின் காயம் புரியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொரியாவின் வடகிழக்கு எல்லையிலிருந்த ஹம்கியொங் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது, விவசாயிகள் துமன் ஆற்றைக் கடந்து, இன்றைய வடகிழக்குச் சீனாவான மஞ்சூரியாவுக்குப் போய் நிலம் திருத்தினார்கள். 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கிய பிறகு பிழைப்புக்காகவும் விடுதலைப் போராட்டத்துக்காகவும் மேலும் பலர் போனார்கள். 1945-க்குப் பின் திரும்பாமல் அங்கேயே தங்கியவர்களைச் சீன அரசு தன் தேசிய இனங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது; 1952-இல் யென்பியன் கொரியத் தன்னாட்சிப் பகுதி உருவானது. அங்கே கொரிய மொழிப் பள்ளிகள் நடந்தன, கொரிய மொழிப் பத்திரிகைகள் வந்தன. பேச்சில் மட்டும் ஹம்கியொங் வட்டார வழக்கின் சாயல் அப்படியே தங்கியது.

தென்கொரியாவும் சீனாவும் 1992 ஆகஸ்டில் தூதரக உறவு தொடங்கிய பிறகு, இவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ‘தாத்தா ஊர்’ திரும்பினார்கள். வரவேற்பு ஒரே சீராக இல்லை. 1999-இல் நிறைவேறிய வெளிநாடுவாழ் கொரியர் சட்டம், 1948-இல் கொரியக் குடியரசு அமைவதற்கு முன்பே வெளியேறியவர்களின் வழித்தோன்றல்களைத் தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. அமெரிக்காவிலிருந்து வந்த கொரியருக்குக் கிடைத்த உரிமை யென்பியனிலிருந்து வந்தவருக்குக் கிடைக்கவில்லை. அரசியலமைப்பு நீதிமன்றம் 2001-இல் இதைச் சமத்துவத்துக்கு முரண் என்று சொன்ன பிறகு, 2004-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2007-இல் உறவினரைப் பார்க்கவும் வேலை செய்யவும் சேர்த்து அனுமதிக்கும் விசா வந்ததும் வரவு பெருகியது. அடுத்த பத்து ஆண்டுகளில் கொரியாவில் வாழும் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களில் மிகப் பெரிய கூட்டம் இவர்களே என்றானது; எண்ணிக்கை ஏழு லட்சத்தை ஒட்டி வந்தது.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘சோசொன்ஜோக்’ என்பது ‘சோசொன் இனம்’ என்று சீன அரசு வைத்த வகைப்பாட்டுப் பெயர். சியோலில் அது நாளடைவில் இழிவின் வாடை ஏறிய சொல்லாகிவிட்டது. அவர்களுடைய அமைப்புகளும் நீதிமன்ற ஆவணங்களும் பயன்படுத்துவது ‘சுங்குக் தொங்போ’ என்ற சொல்லை. ‘தொங்போ’ என்றால் ஒரே கருவறையில் உருவானவர்கள் என்று பொருள். நம் ‘உடன்பிறப்பு’ அப்படியே. ஒருவரை உடன்பிறப்பு என்று அழைப்பதற்கும் இனப் பெயர் சொல்லி விலக்கி வைப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இந்த மக்கள் முப்பது ஆண்டுகளாக வாழ்கிறார்கள். டாக்சிக்காரர் எந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேரிம்-தொங் எப்படி உருவானது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 1960-களில் பக்கத்திலுள்ள குரோ பகுதியில் ஏற்றுமதிக்கான ஆலை வளாகம் எழுந்தது. கிராமங்களிலிருந்து வந்த கொரியப் பெண்கள் அங்கே துணி தைத்தார்கள், மின்னணுப் பொருள்களைப் பொருத்தினார்கள். காரிபொங்-தொங் சந்துகளில் ‘பொல்ஜிப்’, அதாவது தேன்கூட்டு வீடு என்று அழைக்கப்பட்ட, கை நீட்டினால் சுவர் தட்டும் அறைகளில் பலர் சேர்ந்து தங்கினார்கள். 1990-களில் ஆலைகள் இடம்பெயர்ந்து அந்தப் பெண்கள் காலி செய்த அறைகளுக்குள், மலிவான வாடகை தேடிவந்த சீனக் கொரியர்கள் குடியேறினார்கள். பின்னர் காரிபொங்கை இடித்துக் கட்டப்போவதாகப் பேச்சு எழ, கொஞ்சம் கொஞ்சமாகத் தேரிம் பக்கம் நகர்ந்தார்கள். இன்று தேரிம் ரயில் நிலையத்தின் 12-ஆம் வாசலில் ஏறி வெளியே வந்தால் நடுச் சந்தை தொடங்குகிறது. கம்பியில் கோத்துச் சீரகத்தூள் தூவிச் சுட்ட ஆட்டிறைச்சி, முறுக்கிப் பொரித்த மாவுப் பண்டம், வேலை பிடித்துத் தரும் அலுவலகம், விசா விண்ணப்பம் எழுதித் தரும் கடை, சீனாவுக்குப் பணம் அனுப்பும் இடம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. விடியற்காலையில் கட்டட வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் இந்தப் பக்கத்திலிருந்தே கிளம்புகின்றன.

சியோல் நகரத்து நடுத்தர வீட்டார் யாருக்கும் அந்தப் பேச்சு வழக்கு அந்நியமானதல்ல. மருத்துவமனையில் அவர்களுடைய அப்பாவுக்குப் படுக்கை மாற்றுகிற ஆயா, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண், உணவகத்தில் பக்க உணவுத் தட்டுகளை மறுபடி நிரப்பும் அம்மா எல்லோரும் பெரும்பாலும் சீனக் கொரியப் பெண்கள். ஒரு நாளில் பலமுறை காதில் விழும் அந்தக் குரல், திரையில் கேட்கும்போது மட்டும் கத்தியோடு சேர்ந்தே வருகிறது.

திரைக்கு முன்னால் இருந்த பாதை

இது ஒரே படத்தில் முளைத்த பழக்கம் இல்லை. கொரியச் சிரிப்பு, வெளியிலிருந்து வந்து உழைப்பவர்களை வேறு விதமாகவும் பார்த்திருக்கிறது. 2004 வாக்கில் கே.பி.எஸ். தொலைக்காட்சியில் நகைச்சுவைக் கலைஞர் ஜொங் சொல்-கியு, இலங்கையிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளி ‘பிளங்கா’வாக மேடையேறினார். “சாஜங்னிம் நாப்பாயோ”, அதாவது “முதலாளி ஐயா கெட்டவர்” என்று உடைந்த கொரியத்தில் அவர் சொன்ன வாசகம் நாடு முழுக்கப் பரவியது. நடித்தவர் கொரியர், இலங்கையரின் மொழித் தடுமாற்றமே சிரிப்புக்குக் கருவி. அந்தக் குறையை மறைக்க முடியாது. ஆனாலும் அந்தச் சிரிப்பு சம்பளத்தை இழுத்தடிக்கும் முதலாளியை நோக்கிப் பாய்ந்தது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வேலை அனுமதி முறை அதே 2004-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஆள் அனுப்பிய ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று.

2010-இல் யுக் சாங்-ஹியோ இயக்கிய ‘பங்கா? பங்கா!’ வந்தது. வேலை கிடைக்காத ஒரு கொரிய இளைஞன் தன்னைப் பூட்டான் நாட்டுக்காரன் என்று சொல்லி, வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்த ஆலையில் சேருகிறான். உடன் வேலை செய்பவர்களாக வங்கதேசத்தில் பிறந்த கான் முகமது அசதுஸ்ஸமான் போன்ற நிஜக் குடியேறிகள் நடித்தார்கள். ஆனால் வியட்நாம் பெண்ணாக வந்தவர் ஷின் ஹியொன்-பின் என்ற கொரிய நடிகை. அந்த வேடத்துக்கு அவர் புதுமுக விருதும் வாங்கினார். கதையின் மையத்தில் நின்றதும் வேடமிட்ட ஒரு கொரியனே. இந்த இடைவெளியை நான் குறையாகவே பார்க்கிறேன். எனினும் அந்தப் படத்தில் ஆலைத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு ஆசை, ஒரு கோபம் இருந்தன. பார்வையாளர் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

சீனக் கொரியர் விஷயத்தில் திசை மாறிவிட்டது. 2010 டிசம்பரில் வெளியான ‘ஹ்வாங்ஹே’ என்ற குற்றப் படம், யென்பியனிலிருந்து வரும் கொலையாளி என்ற உருவத்தைத் திரையில் ஆழமாகப் பதித்தது. 2012-இல் சுவொன் நகரில் சீனக் கொரியர் ஒருவர் செய்த கொடூரக் கொலை செய்திகளை நிரப்பியது. 2013-இல் அதே ‘ஹ்வாங்ஹே’ என்ற பெயரில் கே.பி.எஸ். நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒரு பகுதி வந்தது: தொலைபேசி மோசடிக் கும்பல் யென்பியன் வழக்கில் பேசி வாடிக்கையாளரை ஏமாற்ற முயன்று தோற்பதுதான் அதன் சிரிப்பு. பள்ளிப் பிள்ளைகள் அந்த உச்சரிப்பைப் பேசிக்காட்டி விளையாடினார்கள். 2017 ஆகஸ்டில் அந்த டாக்சி ஓட்டுநர் வாயைத் திறந்தபோது, அவர் புதிதாக எதையும் நம்ப வைக்க வேண்டியிருக்கவில்லை.

வழக்கு

படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் இறுதியில், சீனக் கொரியர் அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்துத் தேரிம்-தொங்கிலேயே செய்தியாளர்களைச் சந்தித்தன. படத்தை நிறுத்த வேண்டும், தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். போலீஸ் நுழையாத பகுதி என்று படம் சொன்ன இடத்தில் குடியிருப்போரே இரவு ரோந்துக் குழு நடத்தி வருகிறார்கள். குற்றப் புள்ளிவிவரங்களில், மக்கள்தொகைக்கு எத்தனை பேர் பிடிபடுகிறார்கள் என்று கணக்கிட்டால் வெளிநாட்டவரின் விகிதம் கொரியக் குடிமக்களுடையதைவிடக் குறைவாகவே தொடர்ந்து வந்திருக்கிறது. தேரிம்-தொங் கற்பனைப் பெயரும் இல்லை. ரயில் வரைபடத்தில் இருக்கும் இடம். அங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும்.

தயாரிப்புத் தரப்பு, இது கற்பனை, யாரையும் இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை என்றது. அந்தப் பதில் குழுவினருக்குப் போதவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட சீனக் கொரியர்கள் வாதிகளாகச் சேர்ந்து, தயாரிப்பு நிறுவனமான மூவிராக் மீது சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2018-இல் முதல் நிலையில் தோற்றார்கள். கொரியச் சட்டத்தில் இத்தகைய வழக்கு எளிதல்ல. ஒரு கூட்டத்தைப் பற்றிப் பொதுவாகச் சொன்னது, அந்தக் கூட்டத்தில் உள்ள குறிப்பிட்ட ஒருவருடைய மதிப்பைக் கெடுத்தது என்று நிறுவ வேண்டும். கூட்டம் பெரிதாக இருந்தால் பழி ஒவ்வொருவரையும் சென்றடையும்போது நீர்த்துவிடுகிறது என்று சட்டம் கருதுகிறது. வாழ்க்கையில் நடப்பது இதற்கு நேர்மாறு. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவர் வாயைத் திறந்து பேசியதும் முகம் மாறுகிறதென்றால், ஏழு லட்சம் பேர்மீது விழுந்த பழி துளியும் குறையாமல் அந்த ஒருவர்மீது விழுகிறது. கொரியாவில் பொதுவான பாகுபாடு ஒழிப்புச் சட்டம் இருந்திருந்தால் வாதிகளுக்கு வேறு வழி திறந்திருக்கலாம். 2007-இலிருந்து பலமுறை முன்வைக்கப்பட்டும் அந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

வாதிகள் மேல்முறையீடு செய்தார்கள். 2020 வசந்த காலத்தில் மேல்முறையீட்டு அமர்வு, தீர்ப்பு எழுதாமல், சமரசத்துக்குப் பரிந்துரைக்கும் முடிவை வழங்கியது. அதன்படி, எதிர்மறையான சித்திரிப்பால் வாதிகள் அடைந்த சங்கடத்துக்கும் ஒதுக்கப்பட்ட உணர்வுக்கும் தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புத் தெரிவிக்க வேண்டும். இனி எடுக்கும் படங்களில் ஒரு பிரிவினர்மீது வெறுப்பைத் தூண்டும் கூறுகள் இருக்கின்றனவா என்று கவனிக்கவும் வேண்டும். இரு தரப்பும் ஆட்சேபம் எழுப்பாததால் முடிவு உறுதியானது. நிறுவனம் மன்னிப்பைத் தெரிவித்த செய்தி ஜூன் மாதம் வெளிவந்தது. ஒரு படத்தின் வெறுப்புச் சித்திரிப்புக்குத் தயாரிப்பாளரின் பொறுப்பை நீதிமன்றம் சுட்டியது இதுவே முதல் முறை என்று கொரியப் பத்திரிகைகள் எழுதின.

பணத்தால் முடிந்திருந்தால் இந்த வழக்கு இவ்வளவு பயன்பட்டிருக்காது என்பது என் எண்ணம். இழப்பீட்டுத் தொகையை நிறுவனம் ஒரு செலவாக எழுதிவிடும். திரைக்கதையைப் படப்பிடிப்புக்கு முன்பே சோதித்துப் பார்க்க வேண்டிய கடமை உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்னதும், அதை நிறுவனம் ஏற்றதும் அடுத்தடுத்த படங்களின் எழுத்து மேசைவரை போகக்கூடிய விஷயம்.

வில்லன் எங்கிருந்து வரலாம்

சீனக் கொரியர் ஒருவர் வில்லனாக வரவே கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. யாரும் வில்லனாகலாம். படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தால் சிக்கல் வேறிடத்தில் இருப்பது தெரியும்.

கருமுட்டை வணிகத்தில் கும்பலோடு ஒரு மருத்துவரும் பங்கு கொள்கிறார். அவர் கொரியர். மருத்துவம் தெரிந்த ஆளும், அதற்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளரும் இல்லாமல் அந்தத் தொழில் ஒரு நாளும் நடக்காது. ஆனால் கொரிய மருத்துவர்களைப் பற்றியோ, மருத்துவமனைகள் இருக்கும் தெருவைப் பற்றியோ எந்த டாக்சிக்காரரும் எச்சரிப்பதில்லை. மருத்துவர் தனி ஆளாகக் குற்றம் செய்கிறார். குற்றம் அவரோடு முடிகிறது. கும்பலின் குற்றமோ ஒரு தெருவுக்கும், ஒரு பேச்சு வழக்குக்கும், ஒரு இனத்துக்கும் சொந்தமாகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படத்தில் கத்தி இல்லாத சீனக் கொரியர் ஒருவர், வழி சொல்கிறவராகவோ, சாட்சி சொல்லத் தயங்குகிறவராகவோ, தன் மகளைத் தேடுகிறவராகவோ வந்து நம் மனத்தில் நிற்பதில்லை. கும்பலின் தலைவனாக நடித்த கோ ஜுன் உட்படக் குரல் கொடுத்தவர்கள் யென்பியன் வழக்கைக் கற்றுப் பேசிய கொரிய நடிகர்கள். இல்லாதவர்கள் சீனக் கொரியர்கள் மட்டுமல்ல: கடத்தப்பட்ட சிறுமிகளுக்கும் பெயர் சொல்லும்படியான வாழ்க்கை எதையும் படம் தரவில்லை. பெண்ணிய நோக்கில் எழுதிய கொரிய விமர்சகர்கள் இதை அப்போதே சுட்டினார்கள். நண்பர்கள் இருவரும் ஆண்மக்களாக வளர்வதற்கு ஒரு பக்கம் பயமுறுத்தும் கூட்டமும், மறுபக்கம் காப்பாற்றப்பட வேண்டிய உடல்களும் தேவைப்பட்டிருக்கின்றன.

அதே ஆண்டு அக்டோபரில், அதாவது இரண்டு மாதத்துக்குள், ‘பொம்ஜே தோசி’ (‘குற்ற நகரம்’) என்ற படம் வெளியானது. 2004-இன் காரிபொங்-தொங்கில் நடக்கும் கதை. அங்கேயும் கொடூர வில்லன் சீனாவிலிருந்து வந்த சோசொன்ஜோக்தான், அங்கேயும் சிரிப்பு நிறைய உண்டு. அந்தப் படமும் கண்டனத்துக்கு உள்ளானது. அதில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கும்பலுக்கு மாமூல் கொடுத்து நொந்துபோன அந்தத் தெருவின் கடைக்காரர்கள் அங்கே மனிதர்களாக வருகிறார்கள். பயந்து ஒதுங்கியவர்கள் பின்னர் போலீசுக்குத் தகவல் கொடுக்கத் துணிகிறார்கள். வாங்-ஓ என்ற சிறுவன் ஒருவன் இருக்கிறான். குற்றத்தால் முதலில் அடிபடுவது சீனக் கொரியர்களே என்பதைப் பார்வையாளர் கண்டுகொள்ள வழி இருக்கிறது. வில்லன் எந்த ஊர்க்காரன் என்பது மாறவில்லை; அவனைச் சுற்றி ஓர் ஊர் இருக்கிறதா இல்லையா என்பதே மாறியது.

கதைக்கு அந்த இனம் தேவையே இல்லை என்பதற்கு வலுவான சான்று நம் பக்கத்திலிருந்தே கிடைத்தது. 2022 செப்டம்பரில் இந்தக் கதை தெலுங்கில் ‘சாகினி டாகினி’ என்று ரீமேக் ஆனது. தமிழ்ப் பார்வையாளருக்கும் நன்கு பழக்கமான ரெஜினா கசாண்ட்ராவும் நிவேதா தாமஸும் போலீஸ் பயிற்சி மாணவியராக நடித்தார்கள். நாயகர்கள் பெண்களானார்கள், நகரம் மாறியது, சோசொன்ஜோக் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. இரண்டு பேர் ஒரு கடத்தலைப் பார்ப்பது, சட்டம் தாமதிப்பது, தாங்களே இறங்குவது என்ற எலும்புக்கூடு அப்படியே நின்றது. இந்தியாவுக்கு வந்தபோது எளிதாகக் கழற்றி வைக்க முடிந்த ஒன்றை, சியோலில் எழுதியபோதும் கழற்றியிருக்க முடியும்.

யாருடைய வருத்தம் விரைவாகக் கேட்கிறது

2020-க்குப் பிறகு கொரியப் படைப்புகள் உலகம் முழுக்கப் போகத் தொடங்கியதில், காட்டப்படுகிறவர்களும் பார்வையாளர்களாகிவிட்டார்கள். 2021-இல் ‘ஸ்குவிட் கேம்’ தொடரில் சம்பளம் மறுக்கப்பட்ட பாகிஸ்தான் தொழிலாளி அலியாக, கொரியாவில் நடிப்புப் படித்த தில்லிக்காரர் அனுபம் திரிபாதி நடித்தார். பிளங்கா காலத்தில் கொரியர் ஒருவரே போட்டிருக்கக்கூடிய வேடம் அது. அதே திரிபாதி, 2023 ஜூலையில் ஒளிபரப்பான ‘கிங் த லேண்ட்’ என்ற காதல் நகைச்சுவைத் தொடரில் அரபு இளவரசனாக வந்தார். பெண்பித்தனாகவும் செருக்கனாகவும் எழுதப்பட்ட அந்த வேடத்தைப் பார்த்து அரபு நாட்டுப் பார்வையாளர்கள் கொதித்தார்கள். சில நாட்களுக்குள் தயாரிப்புத் தரப்பு மன்னிப்புக் கேட்டது; அரபு மொழியிலும் கேட்டது.

இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனம் தேரிம்-தொங் பக்கமே சாய்கிறது. தொலைதூரச் சந்தையிலிருந்து வந்த கோபத்துக்குச் சில நாட்களில் பதில் கிடைத்தது. அதே நகரத்தில், அதே மொழி பேசி, அதே திரையரங்குகளில் சீட்டு வாங்கக்கூடிய மக்களுக்கு அந்தப் பதில் கிடைக்க மூன்று கோடைக்காலங்கள் ஆயின. மன்னிப்பு வந்தபோது படம் திரையரங்குகளை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. 56 லட்சம் பேரில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள்? இன்று இணையத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கும் ஒருவருக்கு நீதிமன்றத்தின் முடிவு எங்கும் காட்டப்படுவதில்லை. டாக்சி மட்டும் மறுபடியும் அந்தத் தெருவுக்குள் நுழைகிறது, ஓட்டுநர் மறுபடியும் அதே வரிகளைச் சொல்கிறார்.